வளரும் மாநகரில் வீடு, கடை, ஆபீஸ் வாங்கி வாடகைக்கு விடுவது: முதல்முறை இறங்குகிறவருக்கு

"ஊர் வளருது, இப்பவே ஒரு இடத்தைப் பிடிச்சுப் போடு." வளர்கிற எந்த மாநகரிலும் இந்த யோசனையைக் கேட்காமல் ஒரு மாதம் ஓட்ட முடியாது. முதல் பாதி பெரும்பாலும் உண்மைதான். சிக்கல் இரண்டாம் பாதியில் இருக்கிறது. ஊர் வளர்வது நமக்கே தெரிகிறது என்றால் விற்கிறவருக்குத் தெரியாதா? அடுத்த ஐந்து வருட வளர்ச்சியையும் சேர்த்துத்தான் அவர் விலை சொல்கிறார்.

சொத்தில் பணம் பார்த்த பலரைக் கவனித்திருக்கிறேன். எல்லோரும் கெட்டிக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோராலும் காத்திருக்க முடிந்தது. கையைச் சுட்டுக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாங்கிய இடங்களில் பாதி நல்ல இடங்கள்தான்; விற்கக் கூடாத நேரத்தில் விற்க வேண்டி வந்துவிட்டது, அவ்வளவுதான். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வரும்: இதை வாங்கினால், கையைக் கடிக்காமல் எத்தனை வருடம் வைத்திருக்க முடியும்?

சட்டமும் வரியும் நாட்டுக்கு நாடு மாறும். அதற்கு நீங்கள் வாங்கப்போகும் ஊரின் வக்கீலும் கணக்காளரும் வேண்டும். எங்கே போனாலும் மாறாத விஷயங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: கையிருப்பு

இடம் பார்க்கக் கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்.

முதல் எண், அடுத்த பத்து வருடம் தொடாமல் இருக்கக்கூடிய பணம். பிள்ளைகளின் படிப்புக்கு எடுத்து வைத்தது, மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்கியது எதுவும் இதில் சேராது.

இரண்டாவது, விலைக்கு மேல் ஆகும் செலவு. முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம், புரோக்கர் கமிஷன், வக்கீல், வங்கிக் கட்டணம், குடிவைக்கும் முன் செய்ய வேண்டிய பழுதுவேலை, பெயின்ட். புதிதாக வாங்குகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். விலை 100 என்றால் கையை விட்டுப் போவது 105 ஆகவும் இருக்கலாம், 110 ஆகவும் இருக்கலாம்.

மூன்றாவது, வாடகை ஒரு காசுகூட வராவிட்டாலும் தவணையும் வரியும் பராமரிப்பும் கட்டத் தேவையான பணம். வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கும் ஆபீசுக்கும் ஒரு வருடத்துக்குக் குறையாமல் வேண்டும்.

பத்து வருடமா என்று மலைக்க வேண்டாம். 1930களில் ஹோமர் ஹாய்ட் என்பவர் சிகாகோ நகரின் நூறு வருட நில விலைகளை வரிசைப்படுத்திப் பார்த்தார். அந்த நூறு வருடமும் ஊர் வளர்ந்துகொண்டேதான் இருந்தது. விலை மட்டும் ஏறியது, விழுந்தது, பல வருடம் படுத்துக் கிடந்தது, மறுபடி எழுந்தது. ஒரு சுற்று முடியச் சராசரியாக 18 வருடம் என்று அவர் கண்டார். ஹாங்காங்கில் 1997-ல் உச்சத்தில் இருந்த வீட்டு விலை 2003-க்குள் 60 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அப்புறம் ஏறிப் பழைய உச்சத்தையும் தாண்டியது. நடுவில் தவணை கட்ட முடியாமல் விற்றவர்களுக்கு அந்த ஏற்றத்தால் என்ன பயன்?

காத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஜப்பானின் ஆறு பெருநகரங்களில் நில விலை 1991 வாக்கில் உச்சம் தொட்டது. பிறகு பத்து வருடத்துக்கும் மேல் இறங்கிக்கொண்டே போனது. வணிக நிலம் உச்சத்திலிருந்து 80 சதவீதத்துக்கும் அதிகமாக விழுந்தது. வாடகை வரவுக்குச் சம்பந்தமே இல்லாத விலையில் வாங்கியவரைப் பொறுமை காப்பாற்றாது. அந்தக் கணக்கை நான்காம் படியில் போட்டுப் பார்ப்போம்.

இரண்டாம் படி: ஊரைப் படிப்பது

ஊர் வளர்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. எதனால் வளர்கிறது, எந்தப் பக்கம் வளர்கிறது என்றும் கேட்க வேண்டும்.

எதனால் என்பது வேலையைப் பற்றியது. ஒரே தொழிலை நம்பி வளர்ந்த ஊர் அந்தத் தொழிலோடு சேர்ந்தே இறங்கும். கார் தொழிலால் எழுந்த டெட்ராய்டில் 1950-ல் சுமார் 18.5 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் அது சுமார் 6.4 லட்சம். மருத்துவமனை, கல்லூரி, துறைமுகம், அரசு அலுவலகம், தொழிற்சாலை, மென்பொருள் என்று நாலைந்து காலில் நிற்கிற ஊரில் ஒரு கால் வலுவிழந்தாலும் வாடகைக்கு ஆள் வருவது நிற்காது.

எந்தப் பக்கம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஹூஸ்டன் அமெரிக்காவில் வேகமாக வளர்ந்த நகரங்களில் ஒன்று. ஆனால் சுற்றிலும் சமதளம், எந்தப் பக்கமும் பரவலாம், கட்டுவதற்குக் கட்டுப்பாடும் குறைவு. ஆள் வர வர வீடும் கட்டிக்கொண்டே போனார்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு மூன்று பக்கமும் தண்ணீர். கட்ட அனுமதி வாங்குவதும் பெரும்பாடு. அங்கே விலை எகிறியது. ஆக, மக்கள்தொகை ஏறுவது மட்டும் விலையை ஏற்றிவிடாது. நீங்கள் வாங்கும் தெருவுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி காலி நிலம் விரிந்து கிடந்தால், உங்கள் வீட்டுக்குப் போட்டியாக இன்னும் ஆயிரம் வீடுகள் அங்கே முளைக்கும். புறநகரில் வாங்குகிறவர்கள் வரைபடத்தில் சாலையைப் பார்ப்பதுபோல் காலி நிலத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, வரப்போகும் ரயில், விமான நிலையம், வட்டச் சாலை. விளம்பரத்தில் எப்போதும் "பத்தே நிமிடத்தில்" என்று இருக்கும். லண்டனின் எலிசபெத் ரயில் பாதை 2018 டிசம்பரில் திறக்க வேண்டியது, 2022 மே மாதம்தான் திறந்தது. பெர்லினின் புதிய விமான நிலையம் 2012-ல் திறக்க நாள் குறித்து, 2020 அக்டோபரில் திறந்தது. பணமும் நிர்வாகமும் குறையாத ஊர்களிலேயே இந்தக் கதை. எனவே அறிவிப்பை நம்பி வாங்குவதாக இருந்தால் சொன்ன தேதியோடு ஐந்து வருடம் கூட்டிக்கொண்டு தவணையைக் கணக்குப் போடுங்கள். தூண் எழும்பிய பிறகு கொஞ்சம் அதிக விலை கொடுத்து வாங்குவது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. அந்தக் கூடுதல் விலைக்கு, பாதை வந்தே தீரும் என்ற உறுதி கிடைக்கிறது.

இதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து படிப்பது. நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை வேறு. வேலை நாள் காலை எட்டு மணிக்கு ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை போங்கள். பெருமழைக்கு மறுநாள் கட்டாயம் போங்கள். தண்ணீர் நின்ற கறை சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், அந்தக் கறைக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெருவில் "வாடகைக்கு" என்ற போர்டுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அதே போர்டுகள் தொங்கினால் அந்தத் தெருவில் வாடகைக்கு ஆள் இல்லை.

உண்மையான வாடகை தெரிய ஒரு எளிய வழி இருக்கிறது. வாங்க வந்திருக்கிறேன் என்று சொன்னால் வாடகையை ஏற்றிச் சொல்வார்கள். குடிவரத் தேடுகிறேன் என்று நாலு பேரிடம் விசாரியுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

மூன்றாம் படி: வீடா, வணிக இடமா

வீட்டில் வருமானம் குறைவு, ஆள் கிடைப்பது சுலபம். ஒருவர் போனால் சில வாரத்தில் இன்னொருவர் வருவார். பொருளாதாரம் படுத்தாலும் மக்களுக்குக் குடியிருக்க இடம் வேண்டும். கடை, ஆபீஸ், கிடங்கு போன்றவற்றில் போட்ட பணத்துக்கு வாடகை அதிகம், ஒப்பந்தம் நீளம், உள்வேலையைக்கூடக் குடிவருகிறவரே செய்துகொள்வார். ஆனால் காலியானால் மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் பூட்டித்தான் கிடக்கும். வங்கிகள் வணிக இடத்துக்குக் கடனைக் குறைவாகவும் குறுகிய காலத்துக்கும் கொடுப்பதற்கு இதுவே காரணம்.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு ஆபீஸ் இடம் வாங்கினேன். மேல் மாடி, நல்ல வெளிச்சம், ஜன்னலைத் திறந்தால் பாதி ஊர் தெரியும். பதினான்கு மாதம் காலியாகக் கிடந்தது. பார்க்க வந்தவர்கள் ஒருவரும் ஜன்னல் பக்கமே போகவில்லை. "பார்க்கிங் எத்தனை? லிஃப்ட் ஒண்ணுதானா? கரண்ட் போனா ஜெனரேட்டர் உண்டா? கழிவறை எத்தனை?" இந்த நாலு கேள்விக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் குடியிருக்கப்போகிறவனைப் போல் பார்த்து வாங்கியிருந்தேன். அங்கே வேலை செய்யப்போகிறவரைப் போல் பார்த்திருக்க வேண்டும்.

கடை என்றால் தரைத்தளமும் முகப்பு அகலமும்தான் உயிர். ஆழம் அதிகமாகி முகப்பு குறுகினால் அது கடை இல்லை, குகை. நடந்து போகிறவர்கள் சாலையின் எந்தப் பக்கம் அதிகம் என்று ஒரு மணி நேரம் நின்று எண்ணுங்கள். எதிரெதிர் கடைகளில்கூட வியாபாரம் மாறும். கிடங்கு என்றால் லாரி திரும்ப இடம், கூரை உயரம், தரை தாங்கும் எடை. 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பரவியதில் பல ஊர்களில் ஆபீசுகள் காலியாயின. அதே நேரத்தில் இணைய வியாபாரத்தால் கிடங்குக்குக் கிராக்கி ஏறியது. வணிக இடம் எல்லாம் ஒரே ஜாதி என்று நினைக்கக் கூடாது.

முதல் கொள்முதலாக என்ன வாங்கலாம் என்று கேட்டால் என் பதில் சுவாரசியமாக இருக்காது: வேலை இடங்களுக்குப் பக்கத்தில், நடுத்தர அளவில், அலங்காரம் இல்லாத சாதாரண வீடு. வணிக இடம் இரண்டாவதாக வரட்டும்.

நான்காம் படி: கணக்கு

கையில் பேனா எடுங்கள். வீட்டின் விலை 100. பதிவு, கமிஷன் எல்லாம் சேர்த்து மேலே 8. ஆகச் செலவு 108. வருட வாடகை 4.5. புரோக்கர் "நாலரை சதவீதம் சார்" என்பார். அது மொத்த வருமானம். இனிக் கழிக்க வேண்டியவை: வருடத்துக்கு ஒரு மாதம் காலி என்று 0.4, பழுதுவேலைக்கு 0.5, சொத்து வரி, காப்பீடு, சங்கக் கட்டணம் 0.4. மிஞ்சுவது 3.2. அதை 108-ஆல் வகுத்தால் மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. நிகர வருமானம் என்பது இதுதான். இடத்தை இடத்தோடு ஒப்பிட இந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

இப்போது கடனைச் சேர்ப்போம். விலையில் 60-ஐ 8 சதவீத வட்டிக்கு 20 வருடக் கடனாக எடுத்தால் வருடத் தவணை சுமார் 6. வாடகையில் வருவது 3.2. வருடம் 2.8 நம் பையிலிருந்து போக வேண்டும். ஐந்து வருடத்தில் அது 14. முதலில் போட்ட 48-ஐயும் சேர்த்தால் கையிலிருந்து போனது 62.

விலை வருடம் 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் வருட முடிவில் 127.6. விற்கிற செலவு இரண்டரை போல் போகும். பாக்கிக் கடன் 52.5. கைக்கு வருவது 72.5. வாடகை ஏறாது, வருமான வரி இல்லை என்று வைத்துப் பார்த்தால், போட்ட பணத்துக்கு வருடம் நாலு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கிடைக்கிறது. விலை வருடம் 2 சதவீதம் மட்டும் ஏறினால்? கைக்கு வருவது 56-க்குக் கிட்ட. போட்டது 62. விலை ஏறியும் நஷ்டம்.

இதைப் பார்த்து யாரும் வீடே வாங்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. எண்களை மாற்றிப் பாருங்கள். கடனை 60-லிருந்து 30 ஆக்கினால் தவணை 3 ஆகும், வாடகையே தவணையைக் கட்டிவிடும். அப்போது ஐந்து வருடத்தில் விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பத்து, பதினைந்து வருடம் வைத்திருக்கலாம். அதற்குள் வாடகை ஏறும், கடன் கரையும். பெரிய கடனில் பெரிய வீட்டைவிட, வாடகையே தாங்குகிற சின்ன வீடு மேல் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

வணிக இடத்துக்கு விலை பேசும் முறையே வேறு. நிகர வருமானத்தைச் சந்தை எதிர்பார்க்கும் விகிதத்தால் வகுப்பார்கள். ஆங்கிலம் கலந்து பேசுகிறவர்கள் இதைக் கேப் ரேட் என்பார்கள். வருட நிகர வருமானம் 6, சந்தை விகிதம் 6 சதவீதம் என்றால் விலை 100. வட்டி ஏறிச் சந்தை 7 சதவீதம் கேட்க ஆரம்பித்தால் அதே இடத்தின் விலை 85.7. அதே குடித்தனக்காரர், அதே வாடகை, ஒரு செங்கல்கூட நகரவில்லை. 60 கடனில் வாங்கியிருந்தால் உங்கள் பங்கு 40-லிருந்து 25.7 ஆகிவிட்டது, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. அமெரிக்காவின் மத்திய வங்கி 2022 மார்ச்சில் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் ஐந்து சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனபோது ஆபீஸ் கட்டட உரிமையாளர்கள் பலர் பட்டது இந்தப் பாடுதான்.

ஐந்தாம் படி: கடன்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், எண்கள் மேலேயே வந்துவிட்டன. மாறும் வட்டியில் கடன் வாங்கினால், வட்டி இரண்டு சதவீதம் கூடினால் தவணை என்னவாகும் என்று வங்கிக்காரரிடமே எழுதிக் கேளுங்கள். மேலே சொன்ன 60 கடனில் 8 சதவீதம் 10 ஆனால் வருடத் தவணை 6-லிருந்து 7-க்குக் கிட்டப் போகும். வணிகக் கடன் தரும்போது நிகர வருமானம் தவணையைப் போல் ஒன்றேகால் மடங்காவது இருக்கிறதா என்று பல வங்கிகள் பார்க்கும். வங்கி கேட்காவிட்டாலும் நீங்கள் அந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா, சில வருடத்துக்கு ஒருமுறை கடனைப் புதுப்பிக்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள். வணிகக் கடனில் இந்தப் புதுப்பிப்பு நாள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

ஆறாம் படி: பத்திரம்

எல்லாவற்றிலும் அதிக நேரம் இங்கேதான் செலவாக வேண்டும். விலை பேசி முடித்த சந்தோஷத்தில் அதிகம் பேர் அவசரப்படுவதும் இங்கேதான்.

முதலில் உங்கள் ஊரின் பதிவு முறை எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறையில், அரசின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அதற்கு அரசு பொறுப்பு. பல நாடுகளில் இன்று இந்த வழிதான். வேறு பல இடங்களில் பதிவு என்பது "இப்படி ஒரு பத்திரம் எழுதப்பட்டது" என்பதற்கு மட்டுமே சாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு விற்க உரிமை உண்டா என்று பதிவு அலுவலகம் உத்தரவாதம் தராது. அப்படிப்பட்ட ஊரில் "ரெஜிஸ்டர் ஆயிடுச்சு, இனி என்ன பயம்" என்று உட்கார முடியாது. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை கைமாறிய ஒவ்வொரு கண்ணியையும் வக்கீல் பார்க்க வேண்டும்.

அவர் பார்க்கும்போது நீங்களும் இவற்றைக் கேளுங்கள்:

- நடுவில் யாராவது இறந்து வாரிசுகளுக்கு வந்த சொத்தா? எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட்டார்களா? திருமணமாகிப் போன மகள்களையும், வெளிநாட்டில் இருப்பவரையும், அப்போது மைனராக இருந்தவரையும் விட்டிருப்பார்கள்.
- பவர் வாங்கியவர் விற்கிறாரா? பவர் கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா? ரத்து செய்துவிட்டாரா?
- அடமானம், வழக்கு, வரி பாக்கி என்று வில்லங்கம் ஏதாவது? அசல் பத்திரம் கையில் இருக்கிறதா, நகலை மட்டும் நீட்டுகிறார்களா?
- பத்திரத்தில் உள்ள எல்லையும் தரையில் உள்ள எல்லையும் ஒன்றா? சர்வேயரை வைத்து அளக்காமல் இதற்குப் பதில் இல்லை.
- அந்த நிலத்தில் அந்த உபயோகத்துக்கு அனுமதி உண்டா? குடியிருப்புக்கென்று அனுமதித்த கட்டடத்தில் கடை நடந்தால், கடை வாடகையைக் காட்டி விலை கேட்பார்கள்; ஒரு நோட்டீஸ் வந்தால் வாடகை போய்விடும், கொடுத்த விலை திரும்பாது.

வக்கீல் உங்கள் வக்கீலாக இருக்க வேண்டும். விற்கிறவரோ புரோக்கரோ "நம்ம ஆளுதான், சீக்கிரம் முடிச்சுக் கொடுப்பார்" என்று காட்டுகிறவரிடம் போகாதீர்கள். அவர் சீக்கிரம் முடித்துக் கொடுப்பார் என்பதுதான் கவலையே.

ஏழாம் படி: கட்டடம்

நிலம் தேயாது, கட்டடம் தேயும். அமெரிக்க வருமான வரிச் சட்டம் இதை எண்ணாகவே எழுதி வைத்திருக்கிறது: வாடகை வீட்டுக் கட்டடத்துக்கு 27.5 வருடம், வணிகக் கட்டடத்துக்கு 39 வருடம் தேய்மானம். நிலத்துக்குத் தேய்மானமே கிடையாது. நீண்ட காலத்தில் உங்கள் சொத்தின் மதிப்பை ஏற்றுவது அடியில் இருக்கும் மண். அடுக்குமாடியில் வாங்கினால் உங்கள் பங்குக்கு எவ்வளவு மனை வருகிறது என்று பத்திரத்தில் பாருங்கள். உயர உயர எழும்பிய கோபுரத்தில் வீடு பெரிதாக இருக்கும், மனைப் பங்கு மிகச் சிறியதாக இருக்கும்.

அளவில் இன்னொரு கண்கட்டு. 1000 சதுர அடி என்று விலை பேசுவார்கள். படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா பங்கெல்லாம் கழித்தால் கால் வைக்கக்கூடிய கார்பெட் ஏரியா 700 தான் இருக்கும். எந்த இரண்டு வீட்டை ஒப்பிட்டாலும் விலையைக் கார்பெட் ஏரியாவால் வகுத்து ஒப்பிடுங்கள். ஆபீசுக்கு இது இன்னும் முக்கியம்.

பழைய கட்டடம் என்றால் ஒரு கட்டுமானப் பொறியாளருக்குக் கட்டணம் கொடுத்துக் கூட்டிப்போங்கள். மொட்டை மாடி, கழிவறைச் சுவரின் பின்பக்கம், தரைத்தளத் தூண்கள் மூன்றையும் அவர் பார்த்தே ஆக வேண்டும். புதுப் பெயின்ட் வாசம் அடித்தால் எனக்குச் சந்தேகம் அதிகமாகும்.

கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் வாங்குவது மலிவாகத் தெரியும். ஆனால் சாவி வரும்வரை வாடகை இல்லை, வட்டி உண்டு. கட்டுகிறவர் இதற்கு முன் முடித்த இரண்டு கட்டடங்களுக்குப் போய், அங்கே குடியிருப்பவர்களிடம் சொன்ன தேதி எது, சாவி வந்த தேதி எது என்று கேளுங்கள். மாதிரி வீட்டைப் பார்ப்பதைவிட இது உபயோகம். பணம் கட்டட வேலை முடிய முடியப் போக வேண்டும், மொத்தமாக முன்னால் போகக் கூடாது.

எட்டாம் படி: வாடகை ஒப்பந்தம்

வீட்டுக்கு எளிய ஒப்பந்தம் போதும்: வாடகை, முன்பணம், எத்தனை மாத நோட்டீஸ், யார் எதைப் பழுதுபார்ப்பது, காலி செய்யும்போது எந்த நிலையில் தர வேண்டும். அந்த ஊரின் குடித்தன சட்டம் வாடகை ஏற்றத்துக்கு வரம்பு வைத்திருக்கலாம், அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

வணிக ஒப்பந்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்பது வருட ஒப்பந்தம் என்று பெருமையாகச் சொல்வார்கள். லாக்-இன், அதாவது குடித்தனக்காரர் நடுவில் காலி செய்ய முடியாத காலம், எத்தனை வருடம் என்று கேளுங்கள். லாக்-இன் ஒரு வருடம்தான் என்றால், குடித்தனக்காரரைப் பொறுத்தவரை அது ஒரு வருட ஒப்பந்தம். மீதி எட்டு வருடம் அவர் விருப்பம். உள்வேலை செய்ய எத்தனை மாதம் வாடகை இல்லாமல் கேட்கிறார், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எத்தனை சதவீதம் ஏறும், பொதுப் பராமரிப்பும் சொத்து வரியும் யார் கட்டுவது, உள்வாடகைக்கு விடலாமா என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும்.

குடித்தனக்காரரின் பெயரை நம்பி மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். வீவொர்க் நிறுவனம் கட்டடங்களை நீண்ட காலத்துக்கு வாடகைக்கு எடுத்து, மேசை மேசையாகச் சில மாதங்களுக்கு உள்வாடகைக்கு விட்டது. 2019 தொடக்கத்தில் அதன் மதிப்பு 4700 கோடி டாலர் என்றார்கள். 2023 நவம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதற்கு இடம் கொடுத்திருந்த கட்டடச் சொந்தக்காரர்கள் ஒன்று வாடகையைக் குறைக்க வேண்டியிருந்தது, அல்லது புது ஆள் தேட வேண்டியிருந்தது. கேட்க வேண்டிய கேள்வி எளிது: இவருடைய தொழிலில் வருகிற பணம் இந்த வாடகையைத் தாங்குமா? கடைக்காரர் என்றால் அவர் கடை வேறு எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒரு சனிக்கிழமை மாலை நின்று பாருங்கள்.

இவ்வளவு அலைச்சல் நமக்கு ஆகாது என்று தோன்றினால் அதில் தப்பில்லை. 1960-ல் அமெரிக்காவில் சட்டம் கொண்டுவந்து தொடங்கிய ரீட் (REIT) என்ற ஏற்பாடு இன்று பல நாடுகளில் உண்டு. பெரிய ஆபீஸ் கட்டடங்களும் வணிக வளாகங்களும் அதன் வசம் இருக்கும். நீங்கள் பங்குச் சந்தையில் அதன் யூனிட்டை வாங்கலாம். வாடகை வருமானத்தின் பெரும்பகுதியை அது பங்கிட்டுக் கொடுத்தாக வேண்டும். குழாய் ஒழுகுகிறது என்று இரவில் போன் வராது. விலை மட்டும் தினமும் கண்ணெதிரே ஏறி இறங்கும், அதைத் தாங்கும் மனசு வேண்டும்.

ஒன்பதாம் படி: சாவி வாங்கிய வாரம்

பதிவு முடிந்த நாளில் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு, சொத்து வரி, நில ஆவணம், சங்கப் பதிவேடு எல்லாவற்றிலும் பெயரை மாற்றுங்கள். பழைய பாக்கி இல்லை என்று ரசீதுகள் வாங்குங்கள். மீட்டர்களை விற்றவர் கூட நிற்கும்போதே படம் பிடித்து வையுங்கள். ஏற்கெனவே குடித்தனம் இருக்கிற இடம் என்றால், அவர் கொடுத்த முன்பணம் விற்றவரிடமிருந்து உங்களுக்குக் கைமாறியதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர் காலி செய்யும்போது அதை உங்களிடம்தான் கேட்பார். இடத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, வாடகை அதில் வரட்டும், தவணையும் வரியும் அதிலிருந்தே போகட்டும். முதல் படியில் எழுதிய அந்த மூன்றாவது எண்ணையும் அதிலேயே போட்டு வையுங்கள்.